எடுக்கப்படாத கார்ட்டூன் படத்தின் ஓவியங்கள் வீட்டில் கிடக்கின்றனவா? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்தப்பா இறந்து மூன்றாம் மாதம் வெள்ளவத்தை வீட்டை ஒதுக்கியபோது கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் வெளியே வந்தன. கரையோர ரயிலில் தவறுதலாக ஏறிவிட்ட ஒரு நண்டைப் பற்றிய முழுநீளக் கார்ட்டூன் படம் அவற்றுக்குள் இருந்தது. படம் என்றால் படம் அல்ல. அதற்காக 1994 முதல் 2003 வரை அவரும் நண்பர்கள் நால்வரும் வரைந்த 340 தாள்கள், சில செல் தாள்கள் (உருவங்களைத் தீட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள்), ஒரு சீடி, ஒரு கட்டுக் கடிதங்கள். “பழைய கடதாசிக்காரனுக்குக் கொடுத்துவிடவா, தம்பி?” என்று சித்தி கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அரை நொடி பிடித்தது. அதன்பின் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது.

அந்தப் பதினான்கில் ஒன்பது மாதம் நான் ஒழுங்கு தெரியாமல் வீணாக்கியது. எதை முதலில் செய்வது, எங்கே போவது, எந்தக் கடதாசியைக் கையில் வைத்திருப்பது என்பதை உங்களுக்காக எழுதுகிறேன்.

1. திறந்த அன்றைக்கு எதையும் அடுக்காதீர்கள்

நான் செய்த முதல் தவறு இது. பெட்டியைத் திறந்த உற்சாகத்தில் நண்டுப் படங்களை ஒரு கட்டாகவும், ரயில் படங்களை இன்னொரு கட்டாகவும், கடல் படங்களை மூன்றாவதாகவும் பிரித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சித்தப்பா காட்சி வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் வரிசை போய்விட்டது. பாதிக் காட்சிகள் எங்கே பொருந்தும் என்பது இன்றைக்கும் தெரியாது.

ஆகவே முதல் நாள் வேலை இவ்வளவுதான்: ஒவ்வொரு தாளாக எடுங்கள், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள், எடுத்த வரிசையிலேயே கவிழ்த்து வையுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் பெட்டியில் யார் வரைந்தது, எந்தத் திகதி, எவ்வளவு பணம் கொடுபட்டது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் கிடைத்தது. ஒரு தாளின் பின்னால் பலசரக்குக் கணக்கு இருந்தது. அதிலிருந்த கையெழுத்தை வைத்துத்தான் அந்தப் பின்னணி ஓவியத்தை வரைந்தவர் யார் என்று சித்தி அடையாளம் காட்டினார்.

படம் பிடித்த பிறகு, பின்பக்கக் கீழ்மூலையில் மென்மையான பென்சிலால் வரிசை எண் எழுதுங்கள். பேனா வேண்டாம். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். செல் தாளில் எதையும் எழுதக்கூடாது. அதை வைக்கும் உறையில் எழுதுங்கள்.

தாளின் ஓரத்தில் நடுவே ஒரு வட்டத் துளையும் இருபுறமும் நீள்சதுரத் துளைகளும் இருந்தால் அது அசைவுக்காக வரைந்த தாள். அந்தத் துளைகளை ஆணிகளில் மாட்டித்தான் ஒரு தாளை இன்னொன்றின் மேல் இம்மியும் பிசகாமல் பொருத்துவார்கள். ஓரம் கிழிந்திருக்கிறது, வெட்டிச் சீராக்கித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் கத்தரிக்கோலை வாங்கி ஒளித்துவிடுங்கள்.

2. ஈரம், பூச்சி, மொட்டைமாடி வெயில்

கொழும்பில் கடதாசிக்கு முதல் எதிரி காற்றில் உள்ள ஈரம். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை. தாள்களை வெளியே எடுத்துச் செய்யும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒக்டோபரில் தொடங்கி, நவம்பரில் பூஞ்சை பார்த்தேன்.

பூஞ்சை கண்டால் நம் வீடுகளில் உடனே செய்வது மொட்டைமாடியில் காயப்போடுவது. அதைச் செய்யாதீர்கள். மார்க்கர் பேனா நிறங்கள் வெயிலில் வெளிறிவிடும், தாள் வளைந்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில், நேரடிக் காற்றுப் படாமல், நிழலில் காயவிட்டு, முகமூடி அணிந்து மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இன்னும் இறங்கும்.

இராமபாணப் பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடுவது வழக்கம். அதை ஓவியத்தோடு ஒரே பெட்டிக்குள் போடவேண்டாம். தகரப் பெட்டியை மாற்றி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். புறக்கோட்டை மலிபன் வீதியில் கடதாசிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அமிலம் இல்லாத தாள் என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் இராது, இருந்தாலும் விலை சொல்லும்போது சற்றுத் தலை சுற்றும். நான் விலைமதிப்பான ஐம்பது தாள்களுக்கு மட்டும் அதை வாங்கினேன். மற்றவற்றுக்கு அச்சில்லாத வெள்ளைத் தாளை இடையில் வைத்தேன். செய்தித்தாளை இடையில் வைக்காதீர்கள். அது தானும் பழுத்து, அடுத்த தாளையும் பழுக்கவைக்கும்.

செல் தாள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அவை பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக். பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி வாசம் அடித்தால் அந்தத் தாள் சிதையத் தொடங்கிவிட்டது. உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் உறையில் வையுங்கள். இரண்டு செல்கள் ஒட்டியிருந்தால் பிரிக்க முயலவேண்டாம். நான் ஒன்றைப் பிரித்தேன். நண்டின் கொடுக்கு ஒரு தாளிலும் உடல் இன்னொரு தாளிலும் வந்தன.

லேமினேட் செய்யலாமே என்று கேட்கும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.

3. கடதாசியை விட மனிதர்கள் அவசரம்

ஓவியங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தால், ஸ்கேன் செய்வதற்கு முன்பே அவர்களிடம் போங்கள். 1946இல் டிஸ்னி நிறுவனமும் ஓவியர் சல்வடோர் டாலியும் பாதியில் கைவிட்ட ‘டெஸ்டினோ’ குறும்படம் 2003இல் முடிக்கப்பட்டபோது, அன்று டாலியுடன் உட்கார்ந்து ஸ்டோரிபோர்ட் (காட்சிகளை வரிசையாகக் காட்டும் படங்கள்) வரைந்த ஜோன் ஹென்ச் உயிரோடு இருந்தார். எந்தப் படம் எதற்குப் பிறகு என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட்டார். எனக்கு அந்த அதிர்ஷ்டம் அரைவாசிதான் வாய்த்தது: நான்கு நண்பர்களில் இருவர் இருந்தார்கள். ஒருவர் தெஹிவளையில், மற்றவர் ரொறன்ரோவில்.

போகும்போது மூலத் தாளைக் கொண்டுபோகவேண்டாம். முதல் நாள் எடுத்த படங்களை அச்சடித்துக் கொண்டுபோங்கள். அதன் மேலேயே அவர்கள் பேனாவால் எழுதட்டும். “இதை யார் வரைந்தார்?” என்பதை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். இந்த நான்கையும் கேளுங்கள்: மாதச் சம்பளமா, தாளுக்கு இவ்வளவு என்றா பணம் வாங்கினீர்கள்? எதிலாவது கையெழுத்து வைத்தீர்களா? கதை யாருடையது? எந்த நிறுவனத்திடம் பணம் கேட்டு விண்ணப்பித்தீர்கள்? அடுத்த படிகள் எல்லாமே இந்த விடைகளைப் பொறுத்தவை. தெஹிவளை ஐயா இரண்டு மணிநேரம் பேசினார். அதில் ஒன்றேமுக்கால் மணிநேரம் மற்றவர்களோடு இருந்த சண்டை. அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்தேன். சண்டைக்குள்ளேதான் திகதிகள் இருந்தன.

4. தாள் உங்களுடையது என்பதால் ஓவியமும் உங்களுடையது என்று நினைக்காதீர்கள்

பெட்டி என் கையில் இருக்கிறது, ஆகவே உரிமையும் எனக்குத்தான் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தாளை வைத்திருப்பது வேறு, பதிப்புரிமை வேறு. உங்களுக்குத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

பதிப்புரிமை, வரைந்தவரின் ஆயுட்காலமும் அவர் இறந்து 70 ஆண்டுகளும் நீடிக்கும். பலர் சேர்ந்து செய்த படைப்பானால் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 ஆண்டு. வரைந்தவர் ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருந்து, வேலையின் பகுதியாக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை நிறுவனத்துக்கு. ஊழியராக இல்லாமல் தாளுக்குக் காசு வாங்கி வரைந்தவரானால் நிலைமை வேறு. எழுத்தில், கையெழுத்தோடு உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தாலன்றி அது அவரிடமே இருக்கும். வாய்ப்பேச்சு போதாது. உரிமையை விற்றிருந்தாலும், தன் பெயர் படைப்போடு வரவேண்டும் என்று கேட்கும் உரிமை வரைந்தவருக்கு உண்டு. கதை ஒரு பத்திரிகைச் சிறுகதையிலிருந்து எடுத்ததானால் அந்த எழுத்தாளரையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இங்கே ஒரு பொறி. இலங்கையில் பதிப்புரிமை பதிவு செய்யாமலே கிடைக்கிறது. ஓவியம் தாளில் இறங்கிய கணமே உரிமை உண்டாகிவிடும். வர்த்தகக் குறி, கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேடன்ட்), வடிவமைப்பு ஆகியவற்றைத்தான் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். “பதிப்புரிமை பதிவு செய்து தருகிறேன்” என்று 25,000 ரூபாய் கேட்ட ஒருவரிடம் நான் பாதிப் பணம் கொடுக்கும் அளவுக்குப் போனேன். சட்டத்தரணியான நண்பர் ஒருவர் புதுக்கடையிலிருந்து தொலைபேசியில் சிரித்த சிரிப்பில் பணம் தப்பியது.

5. கையில் இருக்கவேண்டிய கடதாசிகள்

இந்தப் படிதான் நீளமானது. அவசரப்பட்டால் இன்னும் நீளும்.

வரைந்தவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழின் பிரதி வேண்டும். அது அவர் குடியிருந்த பகுதியில் அல்ல, மரணம் நிகழ்ந்த பகுதியில் பதிவாகியிருக்கும். வெள்ளவத்தைக்காரர் என்பதால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போய் அரை நாள் காத்திருந்தேன். சித்தப்பா இறந்ததோ வேறு பிரிவில் இருக்கும் வைத்தியசாலையில். போகுமுன் மரணம் நிகழ்ந்த இடத்தையும் திகதியையும் வீட்டில் கேட்டுக்கொண்டு, உங்கள் அடையாள அட்டையுடன் போங்கள். கட்டணம் சிறியது. ஒன்றுக்கு மூன்று பிரதியாக வாங்கிவிடுங்கள்.

படத்துக்கு ஒரு நிறுவனப் பெயர் இருந்தால் அது உண்மையில் என்ன என்று பாருங்கள். கம்பனியாகப் பதிந்திருந்தால் விவரம் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கிடைக்கும். அது கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தை, 400ஆம் இலக்க ‘சமாகம் மெதுர’ கட்டடத்தில் இருக்கிறது. புலமைச் சொத்து அலுவலகமும் அதே கட்டடம்தான், இரண்டு வேலையையும் ஒரே காலையில் முடிக்கலாம். போகுமுன் கம்பனிப் பெயரை இணையத்தில் தேடிவிடுங்கள். நான் தேடாமல் போய், அப்படி ஒரு கம்பனியே இல்லை என்று அறிந்து திரும்பினேன். சித்தப்பா பதிந்திருந்தது வெறும் வியாபாரப் பெயர். அந்தப் பதிவு பிரதேச செயலகப் பக்கத்து விஷயம். அது தெரிந்ததும் ஒரு நன்மையும் தெரிந்தது: கம்பனி இல்லை என்றால் பங்குதாரர்களும் இல்லை, ஐந்து குடும்பங்களோடு பேசினால் போதும்.

அந்த ஐந்து குடும்பங்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதத்தில் “எல்லா ஓவியங்களும்” என்று எழுதாதீர்கள். தாள் எண்களைப் பட்டியலாக இணையுங்கள். எதற்கு அனுமதி என்று பிரித்து எழுதுங்கள்: பாதுகாக்க, ஸ்கேன் செய்ய, இணையத்தில் காட்ட, கண்காட்சியில் வைக்க, அச்சிட்டு விற்க. கடைசியை முதல் கடிதத்தில் சேர்த்துவிட்டு, பிறகு எடுத்துவிட்டேன். விற்கும் எண்ணம் எனக்கில்லை, அந்தச் சொல்லைக் கண்டதும் இரண்டு குடும்பங்கள் பேனாவை மூடிவைத்துவிட்டன. அது இல்லாமல் புதிய கடிதம் எழுதியதும் கையெழுத்து வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஸ்கேன் பிரதியோடு நிறுத்தாமல் மூலக் கடிதத்தையும் தபாலில் வாங்குங்கள். ரொறன்ரோவிலிருந்து வர எனக்கு நான்கு வாரமானது. வாரிசு யார் என்பதில் எழுத்துச் சான்று இல்லாத இடத்தில், சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்குள் இழுபறி இருந்தால் அது போதாது, சட்டத்தரணியிடம் போங்கள்.

படத்துக்கான திட்டம் எப்போதாவது ஓர் அரச நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்தால், அங்கே கதைச் சுருக்கமோ வரவு செலவுக் கணக்கோ கிடக்கலாம். அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தருவதாக முடிவானால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் வரவேண்டும். தகவல் அதிகமானால் அவர்கள் இன்னொரு 21 நாள் கேட்கலாம். ‘மூன்றாம் தரப்பின் படைப்பு’ என்று மறுத்தால், உரிமைக் குடும்பங்களின் கடிதத்தை இணைத்து மேன்முறையீடு செய்யுங்கள். அதனால்தான் அந்தக் கடிதங்களை முதலில் வாங்கச் சொன்னேன். நான் எதிர்மாறாகச் செய்து, ஓர் அலுவலகத்தில் ஒரே பதிலை இரண்டு முறை வாங்கினேன்.

6. ஸ்கேன்: நீலப் பென்சில் காணாமற்போன கதை

படம் வரைபவர்கள் முதலில் வெளிர் நீலப் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் கறுப்பால் வரைவார்கள். பழைய கமராக்களுக்கும் பிரதியெடுக்கும் இயந்திரங்களுக்கும் அந்த நீலம் தெரியாது. அதற்காகவே அந்த நிறம். நான் முதல் 120 தாள்களைக் கொடுத்த கடையில், கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று கறுப்பு வெள்ளையில், தானியங்கி வெளிச்சத் திருத்தத்தோடு ஸ்கேன் செய்து கொடுத்தார்கள். பளிச்சென்று இருந்தது. நண்டு எந்தப் பக்கம் திரும்பும், கமரா எங்கே நகரும் என்று சித்தப்பா நீலத்தில் எழுதிய குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. தாளுக்கு 150 ரூபாய் கொடுத்து, பிறகு அதே தாள்களுக்கு மீண்டும் கொடுத்தேன்.

கடையில் சொல்லவேண்டியது: முழு நிறம், 24 பிட், தானியங்கித் திருத்தம் எல்லாம் நிறுத்தி, டிஃப் (TIFF) கோப்பாக, சிறிய ஓவியங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பெரியவற்றுக்கு 300. இரண்டு பக்கமும். ஏ4 தாளின் ஒரு பக்கம் 600 டிபிஐயில் ஏறக்குறைய 104 மெகாபைட் வரும், ஏ3 அதன் இரட்டிப்பு. பென்டிரைவோடு போய்ப் பாதியில் திரும்பவேண்டாம்; ஒரு டெராபைட் வன்தட்டு கொண்டுபோங்கள். முதலில் ஒரே ஒரு தாளைக் கொடுத்து, கணினித் திரையில் பெரிதாக்கி, நீலக் கோடு தெரிகிறதா என்று பார்த்தபிறகே மற்றவற்றைக் கொடுங்கள்.

தானே தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் எதையும் விடக்கூடாது. மெல்லிய, விலை குறைந்த ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கண்ணாடியோடு ஒட்டிய பரப்பை மட்டுமே தெளிவாகப் பிடிக்கும். ஒட்டுத் தாள் உள்ள ஓவியங்கள் மங்கும். செல் தாள்களை ஸ்கேனர் மூடியால் அழுத்தாதீர்கள், வர்ணம் உதிரும். அவற்றைக் கமராவில், இரண்டு பக்கமும் சரிவாக விளக்கு வைத்து எடுத்தோம். விளக்கை இரவல் வாங்கினோம். செலவு முச்சக்கர வண்டிக்கு மட்டும்.

கோப்புப் பெயரில் தாள் எண்ணும் பக்கமும் இருந்தால் போதும். மூன்று பிரதி வையுங்கள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில்.

7. திறக்காத சீடியைக் குப்பையில் போடாதீர்கள்

சீடியில் இருந்த வசனக் கோப்பைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன. பழுதான கோப்பு என்று அழிக்கப் போனேன். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த அரைப்புள்ளி ஒவ்வொன்றும் மெய்யெழுத்தின் புள்ளி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் ஒரு நிமிடத்தில் யூனிகோட் தமிழாகிவிடும். ஆனால் பழைய கோப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ரீ’யும் சில எண்களும் மாற்றும்போது இடறுகின்றன.

ஃபிளாஷ் (பழைய அசைபட மென்பொருள்) கோப்புகள் இருந்தால், அவற்றை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது. ‘ரஃபிள்’ என்ற இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றை ஓட்டும். சித்தப்பாவின் நண்டு அதில்தான் முதல் முறையாக நடந்தது. பதினோரு விநாடி. சித்தி மறுபடி போடச் சொன்னார், ஏழு முறை.

8. எங்கே சேர்ப்பது

மின்வடிவத்துக்கு, உரிமையாளர் அனுமதிக் கடிதங்கள் கையில் இருந்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள். மூலத் தாள்களுக்கு, கொழும்பு 7 பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எழுத்தில் விசாரியுங்கள். கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: கொடையா, இரவலா? குடும்பம் திரும்பப் பார்க்கலாமா? அவர்களிடம் கொடுப்பது தாளையா, பதிப்புரிமையையுமா? தமிழிலோ ஆங்கிலத்திலோ வாசிக்க முடியாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு மூலத்தை அனுப்பும் எண்ணம் இருந்து, ஓவியம் மிகப் பழையதானால், சர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள தொல்பொருள் திணைக்களத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள். கலாசாரச் சொத்துகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் அனுமதி கேட்கிறது.

முகநூலில் போடுவதைக் கடைசிக்கு வையுங்கள். பெயர்கள் இல்லாமல் போட்ட ஒரு படம் ஒரே நாளில் பத்துப் பக்கங்களுக்குப் பரவி, எவருடைய ஓவியமோ ஆகிவிடும். சிறிய அளவில், படத்தின் ஓரத்திலேயே வரைந்தவர் பெயரோடு போடுங்கள்.

9. பெட்டியை மூடும்போது

உள்ளே மேலாக ஒரு தாள் வையுங்கள்: எத்தனை தாள், யார் யார் வரைந்தது, அனுமதிக் கடிதங்கள் எங்கே, ஸ்கேன் பிரதிகள் யார் வீட்டில், கடைசியாகத் திறந்த திகதி. ஒவ்வோர் ஆண்டும் மழை விட்ட பிறகு ஒருமுறை திறந்து மணந்து பாருங்கள், வினாகிரி வாசத்துக்காக. அந்தத் தாளையும் பென்சிலாலேயே எழுதுங்கள். நான் பேனாவால் எழுதியது முதல் மழைக்கே ஊறிவிட்டது.